எவன் எடுத்த போர்டு இது?

மதர்போர்டு எதைப் போடுவது என்று தொடங்கிய பேச்சு கன்னத்தில் விழுந்த அறையில் முடிந்தது. அறை என்றால் ஏதோ கோபத்தில் கை பட்டுவிட்டது என்று பூசி மெழுகுகிற அறை இல்லை. அவளுக்குக் கடைவாய்ப்பல் ஆடிப்போய், வாயெல்லாம் உப்புக் கரித்தது. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேசைக்கு அடியில் உருண்டு ஓடியது.

"கஸ்டமர்கிட்ட பேசறவன் நான். எது போகும் எது போகாதுன்னு எனக்குத் தெரியாதாடி?" என்றான் புருஷன்.

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்கு, கேட்ட மாதிரி மெஷின் பூட்டிக் கொடுக்கிற கடை அது. முன்னால் கண்ணாடி கவுண்டர், அங்கே புருஷன். தடுப்புக்குப் பின்னால் நீளமான மேசை, அங்கே அவள். எந்தப் பிராசஸருக்கு எந்த போர்டு தாங்கும், எது நாலு நாளில் பல்லை இளிக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பூட்டுவது அவள் வேலை. பூட்டியதைத் தூக்கிக்கொண்டு போய் கவுண்டரில் வைத்து, "இது என் கையால போட்டது அண்ணே!" என்று மார்தட்டுவது அவன் வேலை. அவன் கையால் போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும், ரெண்டு வயர் தொங்கும். ஆறு வருஷமாக இதே கூத்து. புருஷன் பேர் வாங்கினால் நமக்கும்தானே என்று அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைய சண்டை கரடியின் மெஷினுக்காக. கரடி என்பது ஆளின் பட்டப்பெயர். விரல் முட்டி வரைக்கும் முடி. மதுக்கடை வாசலில் நின்று, குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே எறிவது அவன் பிழைப்பு. வேலை போக மிச்ச நேரமெல்லாம் கேம். அவனும் அவன் கூட்டாளிகளும் நாலு வருஷமாக மோதி மோதி, இப்போதுதான் ஒரு பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். இருப்பதிலேயே வேகமான பிராசஸரை அவனே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருந்தான்.

அதற்கு அவள் எடுத்து வைத்தது ஒரு கறுப்பு போர்டு. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் பிராசஸருக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில், சூட்டை இழுக்க கனமான அலுமினியக் கட்டி இருக்கும். புருஷன் எடுத்து வைத்தது ஒரு வருஷமாக விற்காமல் கிடந்த போர்டு. கரண்ட் போட்டால் சிவப்பும் நீலமுமாக சர்க்கஸ் கூடாரம் மாதிரி மினுக்கும்.

"என்னங்க, இது தாங்காதுங்க. சூடு இழுக்கற இடத்துல வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கு. மூணு மணி நேரம் விடாம ஆடினா வெந்துடும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அவன் லைட்டத்தான் பாப்பான். உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்ல."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்த அறை.

அறைந்த பிறகு அவனே இறங்கி வந்த மாதிரி, "சரி, உன் இஷ்டத்துக்குப் போட்டுத் தொலை" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கறுப்பு போர்டைப் பூட்டினாள். எப்போதும் செய்வது போல ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள். பின்னால் யாராவது கழற்றினால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலையில் ஆடுகிற பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் போனாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது மெஷின் இல்லை.

"எடுத்துட்டுப் போயிட்டான். ஆளுக்கு வாயெல்லாம் பல்லு" என்றான் புருஷன். லைட் போர்டின் பெட்டி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. பெட்டி அசையவில்லையே என்று அவளும் நம்பிவிட்டாள்.

இறுதிச் சுற்று முடிந்த மறுநாள், பட்டப்பகலில் கரடி வந்தான். தோளில் மெஷின். கையில் சுத்தியல்.

வணக்கம்கூட இல்லை. முதல் அடி கவுண்டர் கண்ணாடி மேல். அடுத்தது சுவரில் மாட்டியிருந்த பெரிய மானிட்டர் மேல். தடுப்புக்குப் பின்னால் இருந்த அவளுக்கு முதலில் கடை இடிந்து விழுகிறதென்றே தோன்றியது. தடுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அது வழியாகப் பார்த்தாள். புருஷனைக் கழுத்தோடு பிடித்து, ஒரு கையாலேயே கவுண்டருக்கு வாசல் பக்கம் இழுத்துப் போட்டான் கரடி. உடைந்த கண்ணாடி மேல் விழுந்தவன் எழுவதற்குள் மூக்கில் ஒரு குத்து. மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. அப்புறம் விலாவில் உதை, அப்புறம் இன்னொன்று.

"ஆட்டத்துல இன்னும் ஒரே ஒருத்தன்தான்டா மிச்சம்! அவன் முதுகு என் முன்னாடி. ஸ்கிரீன் கறுத்துப் போச்சு. பெட்டிக்குள்ளேர்ந்து புகை வருது. அத்தனை பேரும் சிரிச்சானுங்க. நாலு வருஷம்டா! எவன் எடுத்த போர்டு இது?"

ஆறு வருஷமாக எந்த வாடிக்கையாளரிடமும் அவள் பேரை எடுக்காத வாய் அது. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்றுகூடச் சொன்னதில்லை. இப்போது புருஷன் ரத்தத்தைத் துப்பிவிட்டு உள்ளே கை நீட்டினான்.

"நான் இல்ல அண்ணே. சத்தியமா நான் இல்ல. உள்ள இருக்கா பாருங்க. அவதான்!"

அவள் காதால் கேட்டாள். வாங்கிய அறை அவ்வளவு வலிக்கவில்லை, இது வலித்தது. அடப்பாவி, என்று மட்டும் மனசுக்குள் வந்தது.

தடுப்புக் கதவு ஒரே உதையில் விழுந்தது. கரடி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேசையில் சாய்த்தான். வலது கையை மேசை மேல் விரித்து அழுத்தினான். கொட்டிக் கிடந்த ஸ்க்ரூக்கள் உள்ளங்கையில் ஏறின.

"இந்தக் கைதான் எடுத்ததா?"

சுத்தியல் மேலே போனது. அவளுக்குக் காலோடு மூத்திரம் போய்விட்டது. அந்தக் கை போனால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது, பிழைப்பும் அதுதான், பெருமையும் அதுதான்.

"அடிங்க! அடிக்கறதுக்கு முன்னாடி மூடியக் கழட்டிப் பாருங்க. நான் எடுத்த போர்டுல லைட்டே கிடையாது!"

என்ன நினைத்தானோ, கரடி சுத்தியலை இறக்கினான். முடியை விடாமல், மெஷினின் பக்க மூடியை ஒரே இழுப்பில் பிய்த்தான். உள்ளே இருந்தது லைட் போர்டு. பிளாஸ்டிக் மூடி உருகி, அதன் பக்கமெல்லாம் கருகிக் கிடந்தது.

"ஸ்க்ரூவப் பாருங்க. ஒண்ணுலயாவது சிவப்பு இருக்கா? இதோ, மேசை மேல இருக்கற மெஷினப் பாருங்க. நான் பூட்டினா எல்லாத்துலயும் இருக்கும். அந்த அலமாரியில இந்த லைட் போர்டோட பெட்டி இருக்கு, பிரிங்க. நான் பூட்டினது அதுக்குள்ளதான் இருக்கணும்."

கரடி அவள் முடியை விட்டுவிட்டுப் பெட்டியைக் கிழித்தான். கறுப்பு போர்டு கையில் வந்தது. புருஷன் மாற்றிப் பூட்டியிருக்கிறான் என்பது கரடிக்குப் புரிந்தது, அது தான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் என்பது அவளுக்குப் புரிந்தது. அடித்துப் பல்லை ஆட்டியவனே, பல்லைப் பிடுங்கப் போன நேரம் பார்த்து இந்த வேலையும் பார்த்திருக்கிறான். இவனை எதில் சேர்ப்பது, சொல்லுங்கள்!

புருஷன் அதற்குள் வாசல் வரைக்கும் தவழ்ந்து போயிருந்தான். கரடி காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான். கண்ணாடித் தூள் மேல் ரத்தக்கோடு விழுந்தது. அவன் கையை மேசை மேல் வைத்து முழங்காலால் அழுத்தினான்.

"ஏய், சொல்லுடி! ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணோம்னு சொல்லு! உன் காலுல விழறேன், சொல்லு!"

கரடி அவள் பக்கம் திரும்பினான். மூச்சு வாங்கினான்.

"தங்கச்சி, உன் புருஷன். வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லக்கூடாது என்றெல்லாம் இல்லை. 'வேணாம்' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. கரடி கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தான்.

சுத்தியல் இறங்கியது. ஈரக்குச்சி முறிகிற சத்தம். புருஷன் அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு அடி. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் எந்தப் பக்கம் பார்க்கிறதென்றே தெரியவில்லை. இன்னும் ஒன்று. அவள் கண்ணை மூடவில்லை. பாவமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. அப்படி நிற்கிற தன்னைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கரடி கறுப்பு போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "இது எனக்குன்னு எடுத்ததுதானே?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் போய்விட்டான்.

அவள்தான் வண்டி பிடித்தாள். அவள்தான் துண்டால் புருஷன் கையைச் சுற்றிக் கட்டி, அவசர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். நர்ஸ் சட்டைக் கையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பான்டி. வாய்ல என்ன வச்சிருந்த?"

"நீயும் 'அவதான்'னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்ன" என்றாள் அவள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நர்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் பேர், வயசு, எப்படி அடிபட்டது எல்லாம் கேட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"கூட வந்தவங்க நீங்கதானே? அவருக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தக் கடையில மெஷின் பூட்டறது நான்தான்" என்றாள்.

நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.