நடுவுல இடம் இருக்கு

“நிறுத்திடாதீங்க. இப்ப அவருக்கு மூச்சு உங்க கைதான்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

மகள் அழுத்தினாள். அப்பாவின் தொண்டைக்குள் இறங்கியிருந்த குழாயின் இந்த முனையில் ஒரு ரப்பர் பை. அழுத்தினால் அவர் மார்பு எழுந்தது, விட்டால் தாழ்ந்தது. வெண்டிலேட்டர் ஒன்றுகூடக் காலியாக இல்லை. வேறு எங்காவது கிடைக்குமா என்று அண்ணன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக பைக்கில் அலைந்துகொண்டிருந்தான்.

காலையில் மூன்றாம் மாடிக்காரருக்குத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் பாதிப் படியில் சரிந்துவிட்டார். அப்பாவுக்கு வயது எண்பத்திரண்டு. மூன்றாம் மாடிக்காரருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. “அவனுக்கு முதுகு வலிம்மா, பாவம்” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மூளையில் ரத்தக்கசிவு என்றார் டாக்டர்.

கை மரத்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண், “நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமாக்கா?” என்றாள். வேண்டாமென்று தலையாட்டினாள்.

அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எத்தனை நெரிசலிலும் ஒருவரைக்கூட ஏற்றாமல் விட்டுப் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஓய்வு பெற்ற மறுநாளே பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, கையை நீட்டி வண்டிகளை மறித்து, பிள்ளைகளைச் சாலை கடக்கவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. போக வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளுடைய கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கூட்டம் முண்டியடித்தபோது, புதுச்சட்டையோடு நாற்காலி மேல் ஏறி, “உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்ல நிக்காதீங்க, நடுவுல இடம் இருக்கு!” என்று கத்தினார். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். முதலில் சிரித்தது மாமியார்தான்.

தலையணை அருகே போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“இங்கயும் இல்லையாம். இன்னொரு இடம் சொல்லியிருக்காங்க, அங்க போறேன்” என்றான் அண்ணன். மூச்சு வாங்கியது. “நீ விட்டுடாத.”

“சீக்கிரம் வாண்ணா.”

“விட்டுடாத, என்ன?”

குனிந்து அப்பாவின் காதருகே போனாள். “அப்பா, ஒரே ஒரு தடவை நீங்களா இழுங்கப்பா. ஒரே ஒரு தடவை.” அழுத்தாமல் நிறுத்திப் பார்த்தாள். மார்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். உதடு நீலம் பாரிப்பது போலிருந்தது. பதறிப்போய் மடமடவென்று அழுத்தினாள். “இல்லப்பா, இல்ல, சும்மாதான் பார்த்தேன். இதோ இருக்கேன்.”

டாக்டர் வந்து அவர் இமைகளைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெஞ்சில் இருந்த அம்மாவை அருகே அழைத்தார்.

“இதயம் மட்டும்தாம்மா துடிக்குது. இனி மெஷின் கிடைச்சாலும் அவர் திரும்ப மாட்டார்.”

“அண்ணன் தேடிட்டிருக்கான் டாக்டர்” என்றாள் மகள், அவரைப் பார்க்காமல்.

“அழுத்துங்க. நான் தடுக்கல” என்றார். சற்று நின்றுவிட்டுப் போனார்.

அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “கொடு. நான் பிடிக்கிறேன்.”

அம்மா அவளைவிட நிதானமாக அழுத்தினாள். மறு கையால் அப்பாவின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு, வீட்டில் காப்பி ஆறுகிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“முடியலன்னு ஒரு நாளும் நீங்க சொன்னதில்ல. நான் சொல்றேன். போதுங்க.”

கையை எடுத்துவிட்டாள்.

“அம்மா!” மகள் பையை நோக்கிப் பாய்ந்தாள். அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் அம்மா பிடித்துக்கொண்டாள். “விடும்மா! அவன் வந்துட்டிருக்கான்மா, விடும்மா!” அந்த மெலிந்த கைகளுக்குள் அவ்வளவு பலம் இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. மானிட்டரில் பச்சைக் கோடு இன்னும் கொஞ்ச நேரம் துள்ளியது. பிறகு இடைவெளி விட்டுத் துள்ளியது. பக்கத்துக் கட்டில் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோடு படுத்த பிறகும் அம்மா பிடியைத் தளர்த்தவில்லை.

அண்ணனுக்கு யார் சொல்வது? மகள் போனை எடுத்தாள், அவன் பெயரைப் பார்த்தாள், மூடினாள். நேரில் சொல்லிவிடலாமென்று படியிறங்கினாள்.

முதல் திருப்பத்திலேயே அவன் எதிரே வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

“கிடைச்சிடுச்சு! மெஷின் கிடைச்சிடுச்சு! கையோட ஆம்புலன்ஸ் கூட்டிட்டு வந்துட்டேன். யாரு அழுத்துறா, அம்மாவா?”

அவள் வாயைத் திறந்தாள். பதிலுக்கு அவன் நிற்கவில்லை. படி குறுகலாக இருந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

கீழே, ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, டிரைவர் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.