ஆடாத படம்

கொஞ்ச நாளாகவே சலூன்காரருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். காரணத்தை மனைவியிடமும் சொல்லவில்லை, கடையில் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டும் மைத்துனனிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னால் தம்பிக்குப் போய்விடும், தம்பியிடம் சொன்னால் அக்காவுக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்து லட்சணம் அப்படி.

அவரிடம் ஒரு பழைய மடிப்பு கேமரா இருந்தது. மூடியைத் திறந்தால் துருத்தி நீண்டு லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். முடிவெட்டு மனசுக்குப் பிடித்துவிட்டால் ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக் கடைச் சுவரில் மாட்டுவார். இப்போது எடுக்கிற படமெல்லாம் கலங்கிப்போய் வந்தது. பக்கத்துத் தெரு தையல்காரருக்கு மூக்கு இரண்டாகவே விழுந்துவிட்டது. கோளாறு கேமராவிலா, கையிலா? கேமரா என்றால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். கை என்றால்? அந்தக் கைதான் தினமும் சவரக்கத்தியோடு ஊரார் தொண்டைமேல் நடக்கிறது.

கேமரா மெக்கானிக் ஒரு வழி சொன்னார். "விரலால அமுக்காதீங்க. ஸ்டாண்டுல வச்சு, ஷட்டர்ல ஒரு கேபிள் மாட்டி, அதோட நுனிய அமுக்கி எடுங்க. அப்பவும் கலங்கினா லென்ஸ் ஆடுதுன்னு அர்த்தம், நான் சரிபண்ணித் தர்றேன். படம் நல்லா வந்துட்டா கேமரா மேல தப்பே இல்ல."

ஆனால் மெக்கானிக்கிடம் அப்படியொரு கேபிள் இல்லை. சலூன்காரர் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரர் கேபிள் என்ற சொல்லைக் கேட்டதும் போன் சார்ஜரை எடுத்து நீட்டினார். இன்னொருவர் கொடுத்த புதுக் கேபிளின் மூக்கு தடிமன், கேமராவின் துளைக்குள் நுழையவே இல்லை. அடுத்தது திருகு நன்றாக ஏறியது, ஆனால் உள்ளே போகும் ஊசி குட்டை. எவ்வளவு அமுக்கியும் ஷட்டரை எட்டவில்லை. ஒவ்வொரு கடையிலிருந்தும் வெறுங்கையோடு இறங்கும்போது அவருக்குள் ஒரு நிம்மதி. கிடைக்காதவரை பழி கேமராமேல்தானே! இப்படியும் ஒரு மனுஷன் நிம்மதிப்படுவானா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒருநாள் காலை ஒருவருக்குச் சவரம் பண்ணும்போது காதுக்குக் கீழே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. "புது பிளேடு, கூர் ஜாஸ்தி" என்று சமாளித்தார். அன்றைக்கே பழைய சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரியம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தாள். உள்ளே பத்துப் பதினைந்து கேபிள்கள் நூல்கண்டாகச் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டிப் பார்த்தார். கறுப்புத் துணி சுற்றிய ஒன்று சொன்னபடி கேட்டது. நுனியை அமுக்கியதும் ஷட்டர் 'டிக்' என்று திறந்து மூடியது.

"பொருந்திடுச்சுல்ல? பின்ன ஏண்ணே மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி போகுது? பயப்படாதீங்க, வெலை கம்மிதான்."

மைத்துனனை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரே ரோலில் முதல் பாதியைக் கையில் பிடித்து விரலாலும் மீதியை ஸ்டாண்டில் வைத்துக் கேபிளாலும் எடுத்தார். "என் மூஞ்சிக்கு இத்தனை படமா மாமா? பொண்ணா பாக்கப் போறீங்க?" என்று அவன் இளித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாப் படமும் கலங்கி வரவேண்டும், எல்லாமே கலங்கி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஸ்டுடியோவுக்குப் போய், முதல் பாதி விரல், மீதி கேபிள் என்று சொல்லி ரோலைக் கழுவக் கொடுத்தார்.

ஸ்டுடியோக்காரர் படங்களை மேஜைமேல் பரப்பினார். "அண்ணே, விரலால எடுத்தது அத்தனையும் போச்சு. ஆனா கேபிள்ல எடுத்தத பாருங்க! மீசைய ஒவ்வொரு முடியா எண்ணிடலாம். கேமரா தங்கம்ணே. கொடுத்து வச்சவர் நீங்க."

சலூன்காரர் தலையாட்டிவிட்டுப் படங்களைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்கு நடந்த நேரம் முழுக்க வலது கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவில்லை.

கடையில் அவருடைய நாற்காலியில் வாத்தியார் சாய்ந்திருந்தார். பல வருஷப் பழக்கம், வேறு நாற்காலியில் உட்காரமாட்டார். மைத்துனன் கழுத்துவரை நுரை பூசிவிட்டிருக்க, கண்ணை மூடிக் காத்திருந்தார். சலூன்காரர் கத்தியை எடுத்தார். நுனி ஆடியது. கத்தியைக் கீழே வைத்தார்.

"மாப்ள, இங்க வா. வாத்தியாருக்கு நீ பண்ணு."

"அவர் உங்க ஆளாச்சே மாமா?"

"என் கை ஆடுது."

மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து கத்தியை எடுத்துக்கொண்டான்.

வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. சவரத்தின்போது அவர் கண்ணை மூடிக்கொள்வது தூக்கத்தில் என்றுதான் சலூன்காரர் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது கண்ணாடியில் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த வாத்தியாரின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.