பேச்சி வந்திருக்கேன்

பாறைக்குளம் பால்வாடியில் தூக்கம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான் வரும். தெருவழியாக நடந்து வந்து கேட்டைத் தட்டி, இன்னாருடைய தூக்கம் என்று சொல்லும். பசிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, தட்டிக்கொண்டே இருக்கும். அழுகையோ தட்டவே தட்டாது, சுவரேறிக் குதித்துவிடும். எது வந்தாலும் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, உரிய பிள்ளையிடம் போய்க் கேட்கவேண்டும், உள்ளே கூப்பிடட்டுமா என்று. பிள்ளை சரி என்றால் சரி. அப்புறம் என்றால் அப்புறம்.

இந்த விஷயத்தில் ஆவுடையம்மாள் டீச்சர் படு கறார். பிள்ளையைக் கேட்காமல் அதன் மூக்கைக்கூடத் துடைக்கமாட்டாள். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்கினால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று இழுத்தார். டீச்சர் பெஞ்சைக் காட்டி, அவர்களிடமே சொல்லிப் பாருங்கள் சார் என்றுவிட்டாள். அவரும் போய்ச் சொன்னார். தூக்கங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுநாளும் தத்தம் நேரத்துக்கே வந்தன.

அப்பேர்ப்பட்டவளையும் ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. இசக்கிக்கு மூன்றரை வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. மற்றதெல்லாம் குறைவில்லாமல் வந்தன. பிடிவாதம் காலையிலேயே வந்து முதல் ஆளாக உட்கார்ந்துகொள்ளும். பேச்சை மட்டும் காணோம். இசக்கி அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. கொட்டாங்கச்சியில் ஈரமணலை அமுக்கிக் கவிழ்த்து ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தாள்.

அலட்டிக்கொண்டதெல்லாம் அவள் அம்மாதான். பேச்சி என்று பெயர், தீப்பெட்டி ஆபீசில் வேலை. நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வருவாள். வந்ததும் வராததுமாக, "வந்துச்சா டீச்சர்?" என்பாள். ஆவுடையம்மாள் தினமும் இல்லை என்றே சொல்லவேண்டியிருந்தது. நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. போகாத கோயில் இல்லை. மாசியில் ஒரு கோயிலிலிருந்து திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள்.

இதற்கிடையில் பேச்சியின் மயினி, புருஷனுக்கு அக்காக்காரி, டவுனிலிருந்து ஒரு பேச்சை ஏற்பாடு பண்ணிவிட்டாள். யாரோ வக்கீல் வீட்டுப் பையன் பேசிக் கழித்தது. நாலைந்து வார்த்தைதான் சொல்லும், ஆனால் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க அது போதும். ஒரே ஒரு சிக்கல். கழித்த பேச்சை ஒரு பிள்ளைக்குள் விட்டுவிட்டால், சொந்தப் பேச்சு பிறகு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று போய்விடும். அப்புறம் வரவே வராது. சாயங்கால பஸ்ஸில் மயினி வருகிறாள் என்றதும் பேச்சி வேலைக்குப் போகாமல், காலையில் பிள்ளையோடு வந்தவள் மணலோரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கேட் தட்டப்பட்டது. அது தகரம் அடித்த கேட், வெளியே நிற்பது யாரென்று தெரியாது. ஆயா குருவம்மாள் இருந்த இடத்திலிருந்தே யாரு என்றாள்.

"பேச்சி வந்திருக்கேன்."

"அம்மாமாரெல்லாம் நாலு மணிக்கு மேலதான். தினமும் சொல்லணுமாக்கும்? போயிட்டு வா" என்றாள் குருவம்மாள், வழக்கம்போல.

ஆவுடையம்மாள் கேட்டைப் பார்த்தாள். மணலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "ஏ குருவு, பேச்சி இங்கல்லா இருக்கா?"

குருவம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ தை மாசத்திலிருந்து தினமும் இந்நேரம் வந்து போவது யார் என்று கேட்டாள்.

கேட்டைத் திறந்தார்கள். வெயிலில் வியர்த்துப்போய் நின்றது இசக்கியின் பேச்சு. இடுப்பளவுகூட இல்லாத மழலைப் பேச்சு, பேச்சு என்ற தன் பெயரையே அதற்கு இன்னும் திருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆவுடையம்மாள் அதைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். பேச்சியோ பாய்ந்து வந்து அதன் தோளைப் பிடித்துவிட்டாள். இத்தனை நாள் தவித்தவள், பிடிக்காமல் என்ன செய்வாள்?

"விடு பேச்சி. அது அவளைத் தேடி வந்திருக்கு. உன்னையும் என்னையும் தேடி வரல" என்றாள் ஆவுடையம்மாள்.

பிறகு மணலில் குந்தி இசக்கியிடம் விஷயத்தைச் சொல்லி, கூப்பிடட்டுமா என்று கேட்டாள். இசக்கி நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தாள். மணல் ஒட்டிய உள்ளங்கையை, இரு என்பதுபோலக் காட்டினாள். அவள் ஊருக்கு இன்னும் குளம் வெட்டவில்லை.

குளம் பெரிய குளம். வெட்டி முடிப்பதற்குள் சாயங்கால பஸ்ஸே வந்துவிட்டது. மயினி வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கூடவே வந்த டவுன் பேச்சு எல்லோருக்கும் குட் மார்னிங் மிஸ் சொன்னது. மயினிக்குப் பெஞ்சில் இருந்ததைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேடி வந்த பேச்சை வெளியே வைத்துக்கொண்டு மூன்று வயசுப் பிள்ளையிடம் உத்தரவு கேட்பார்களா, ரெண்டில் ஒன்றைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு மணலில் கால் வைத்தாள்.

ஆவுடையம்மாள் எழுவதற்குள் பேச்சி குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"இருங்க மயினி. அவ வேலையா இருக்கா."

ஆவுடையம்மாளுக்கு அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. மயினி முணுமுணுத்துக்கொண்டே மணலோரம் உட்கார்ந்தாள்.

குளத்தில் தண்ணீர் ஊற்றியானதும் இசக்கி கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய், பேச்சின் விரலைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டாள்.

தை மாசத்திலிருந்து காத்திருந்த பேச்சு, ஆகவே தை மாசத்திலிருந்துதான் ஆரம்பித்தது. பொங்கல் கரும்பு சப்பென்று இருக்கிறது என்றாள். புதுச்சட்டை கழுத்தில் குத்துகிறது என்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. குருவம்மாள் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். சொல்லிச் சொல்லி மாசிக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. இசக்கி அம்மாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பஸ் ஸ்டாண்டுல வச்சு அழாதம்மா. எல்லாரும் பாக்காங்க. நான் இங்கதான இருக்கேன்."

சரிட்டி என்றாள் பேச்சி. மாசி மாசத்து பஸ் ஸ்டாண்டில் அவள் அழுகை அதோடு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.