வண்டியை யார் பார்த்தது?

"வெளியில வேலை பாத்தா வாரண்டி போயிடும் அக்கா. அதை மட்டும் யோசிச்சுக்குங்க" என்றான் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன். பிஷ்கெக்கில் அந்த ஷோரூமின் வெள்ளைத் தரையில் புருலாயின் பூட்ஸ் பதித்த சேற்றுத் தடங்கள் வாசலிலிருந்து மேசைவரை வந்திருந்தன. விடியற்காலையில் நாரினிலிருந்து ஏற்றி வந்த பயணிகளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். சுவரிலிருந்த கண்ணாடி வழியாக, அவளுடைய வண்டி நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க லிஃப்டில் நிற்பது தெரிந்தது. பின்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டும் சோர்ந்து போய்விட்டதாகவும் அதிர்வைத் தாங்கும் ஷாக் ஒன்றில் எண்ணெய் கசிவதாகவும் சொல்லிவிட்டார்கள். அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

"கொஞ்சம் உசரமா, தடிமனா போட்டுத் தர மாட்டீங்களா தம்பி?"

"அந்த செட் வெளிநாட்டுல இருந்து வரணும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வேணும்னா பழைய மாதிரியே புதுசு போட்டுத் தர்றேன்."

"பழைய மாதிரி போட்டா மறுபடியும் வயிறு தட்டும். மூணு வாரத்துல பனி விழுந்து கணவாயை அடைச்சுடும்."

"அப்போ அந்தப் பக்கம் போகாதீங்க அக்கா. இந்த வண்டி அந்த ரோட்டுக்குச் செஞ்சதில்ல." கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் உண்மையான அக்கறையோடு சொன்னான்.

போகாமல் இருக்க முடியாது. கணவாய்க்கு அந்தப் பக்கம், கோக்-ஜார் கிராமத்தில், தங்கை நசிரா இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். பனி தொடங்குவதற்குள் நாரினுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வழியில் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் நிலக்கரி லாரிகள் அந்த மண்சாலையை உழுதுவிட்டிருந்தன. சக்கரத் தடங்கள் இரண்டும் வாய்க்கால்போல இறங்கிவிட, நடுவில் திட்டு ஒன்று முதுகெலும்புபோல எழுந்து நின்றது. போன வாரம் தங்கையை அழைத்துவரப் போனபோது பாதி வழியில் அந்தத் திட்டின்மேல் வண்டியின் வயிறு உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன. ஒரு லாரிக்காரன் சங்கிலி போட்டுப் பின்னால் இழுத்துவிட்டு, "ஏன்க்கா, செருப்பு போட்டுட்டு ஆத்துல இறங்குன மாதிரி இதை எடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்று சிரித்தான். தங்கையைப் பார்க்காமலே திரும்பினாள். நசிராவை லாரியில் ஏற்றிவரலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அந்த லாரி குதிப்பதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நாரினுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரே ஆளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். மலைச்சாலைக்கு வண்டியை உயர்த்திக் கட்டுவதில் அவனுக்கு மேல் ஆள் அந்த ஊரில் இல்லை. ஸ்பிரிங் செட் எப்போதும் இரண்டு மூன்றாவது கையிருப்பில் வைத்திருப்பான். ஆனால் அவன் ஜோல்டோஷ். அவளுடைய புருஷனாக இருந்தவன்.

அவன் உயர்த்திக் கட்டிக் கொடுத்த ஜீப் ஒன்று, கொடுத்த அந்த வாரத்திலேயே கோக்-ஜார் கணவாய் வளைவில் உருண்டது. ஓட்டியவன் மிர்லான், நசிராவின் புருஷனுக்கு அண்ணன். சடலத்தை எடுக்கவே சாயங்காலமாகிவிட்டது. வேகமும் உறைபனியும்தான் காரணம் என்று போலீஸ் எழுதியது. ஜோல்டோஷை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போயின. விபத்து நடந்த அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் புருலாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பின்சக்கரத்துப் போல்ட்டெல்லாம் இறுக்குனியா?" அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று எதுவும் இருக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் பிரிந்துவிட்டார்கள்.

பட்டறை ஆற்றங்கரையில், இரண்டு சரக்குப் பெட்டகங்களை ஒட்டவைத்த கொட்டகை. ஜோல்டோஷ் வாசலில் உட்கார்ந்து பால் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் எழுந்தான். இறங்கியது யார் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"வண்டியைத் தூக்கிக் கட்டணும். நீங்கதான் செய்யணும்" என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே நீ, வா, போ என்று பேசியவளின் வாயில் அந்த 'நீங்க' அந்நியமாக இருந்தது.

"கம்பெனியில விடு."

"போய்ட்டுத்தான் வர்றேன். மூணு வாரங்கிறான்."

"அப்போ மூணு வாரம் பொறுத்துக்க. எங்க போகணும்?"

அவள் மலைப்பக்கம் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"கோக்-ஜாருக்கா? அந்த வீட்டுக்கா? என் கை பட்ட வண்டியில அந்த வீட்டு மருமகளை ஏத்தப் போறியா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ரெட்டைப் பிள்ளைங்க. டாக்டரம்மா இங்க கொண்டு வரச் சொல்லிட்டாங்க. பனி வந்துட்டா வழியே இல்ல. வேற யாராவது செய்வாங்கன்னா சொல்லுங்க, இப்பவே போயிடுறேன்."

அவன் எழுந்து, கிண்ணத்தில் மீந்த தேநீரை ஆற்றில் கொட்டினான். பிறகு, "காலையில கொண்டு வா. வேலை முடியிற வரைக்கும் நீ பக்கத்துலயே இருக்கணும். எல்லாத்தையும் உன் கண்ணால பாக்கணும்" என்றான்.

மறுநாள் முழுக்க அவள் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் சோர்ந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றித் தரையில் வைத்தான். பக்கத்தில் புதியவற்றை நிறுத்தினான். நாலு விரல் உயரம் கூடுதலாகத் தெரிந்தது. ஷாக்குகளையும் மாற்றினான். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கும்போது மட்டும், "பாத்தியா?" என்றான். அவள் "பாத்தேன்" என்றாள். சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று ஒலிக்கும் நீண்ட ரெஞ்ச் அது. முன்பு அவனிடம் அது இருந்ததில்லை. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவளுக்கு அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டால் ரெஞ்சைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவானோ என்று பயந்து விழுங்கிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு அந்த ரெஞ்சை அவள் மடியில் வைத்தான்.

"புது சாமான் ஓட ஓட உக்காரும். போல்ட்டு லேசா விட்டுக் குடுக்கும். கோக்-ஜார் போய்ச் சேந்ததும், அவளை ஏத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மறுபடி ஒரு தடவை இறுக்கு. 'டிக்'னு கேக்குற வரைக்கும்." கொஞ்சம் நின்றான். "இதை நான் மிர்லான்கிட்டச் சொன்னேனான்னு எனக்கு ஞாபகமே இல்ல புருலாய். இறுக்குனது ஞாபகம் இருக்கு. சொன்னேனாங்கறதுதான்... எத்தனையோ தடவை நினைச்சுப் பாத்துட்டேன்."

அவள் ரெஞ்சை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் மறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி இப்போது வேறு மிருகமாகிவிட்டிருந்தது. நடுத்திட்டை உரசாமல் தாண்டியது. பள்ளங்களில் தொம்மென்று விழாமல், இறங்கி ஏறியது. ஆனால் அவளால் அதைக் கொண்டாட முடியவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் காது விறைக்க, அடியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே போனாள். ஒரு கல் தெறித்தால்கூட கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. அந்த வளைவில் மிர்லானுக்காக நட்டிருந்த நினைவுக்கல்லைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

முற்றத்தில் நசிரா மூட்டை முடிச்சுகளோடு தயாராக நின்றாள். வயிறு அவளுக்கு முன்னால் நின்றது. முகம் வெளுத்திருந்தது. "காலையில இருந்து இடுப்பு வலிக்குதுக்கா" என்று காதோரம் சொன்னாள். புருலாய் அவளைப் படியில் உட்காரவைத்துவிட்டு, ரெஞ்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். வலது பக்கத்து முதல் போல்ட் உடனே 'டிக்' என்றது. இரண்டாவதும் அப்படியே. அப்போது அவள் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

"வண்டி உசந்திருக்கே" என்றாள் ஷாரிப்பா. நசிராவின் மாமியார்; மிர்லானைப் பெற்றவள். "கம்பெனியில விட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு சொல். புருலாய் மல்லாந்து படுத்தபடி, முகத்துக்கு மேலே தொங்கும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"இல்ல அத்தை. வெளியில."

"வெளியிலன்னா? யாரு பாத்தது?"

"ஜோல்டோஷ்."

பூட்ஸ் அசையவில்லை. பக்கத்துப் பட்டியில் ஒரு குதிரை தும்மியது. படியிலிருந்து நசிரா, "ஏன்க்கா சொன்னே, ஏன்க்கா" என்று முனகுவது கேட்டது. இனி இந்த வீட்டு மருமகள் இந்த வண்டியில் ஏற மாட்டாள் என்றே புருலாய் நினைத்தாள். ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. மூன்றாவது போல்ட்டில் ரெஞ்சை மாட்டி இழுத்தாள். அது திரும்பியது. கால் சுற்று போய், அப்புறம்தான் 'டிக்' என்றது.

"என்ன அது? திரும்பிச்சே" என்றாள் ஷாரிப்பா. குனிந்து, சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, அடியில் எட்டிப் பார்த்தாள். இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிதான் இருந்தது.

"புதுசுல அப்படித்தான் திரும்புமாம். உக்காந்ததுக்கு அப்புறம் மறுபடி இறுக்கணும்னு சொல்லி விட்டாரு."

"உன்கிட்டச் சொன்னானா?"

"ஆமா."

"என் பிள்ளைகிட்டச் சொன்னானா?"

புருலாய் ரெஞ்சைப் போல்ட்டிலிருந்து எடுத்தாள். முதலில் சொன்ன உண்மை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. 'சொல்லியிருப்பார்' என்றால் தப்பு இறந்தவன்மேல் போய் விழும். 'சொல்லவில்லை' என்றால் உயிரோடு இருப்பவன்மேல் விழும். இரண்டும் அவளுக்குத் தெரியாது.

"சொன்னேனான்னு ஞாபகம் இல்லையாம் அத்தை. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டாராம். நேத்து அவரே சொன்னாரு."

ஷாரிப்பா இன்னும் குனிந்தாள். அவள் கண்கள் அந்தப் போல்ட்டைவிட்டு நகரவில்லை. பிறகு, "இந்தப் பக்கம் முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. அந்தப் பக்கம்தான் பாக்கி."

"குடு இங்க."

"நீங்க எதுக்கு அத்தை, சேறு..."

"குடுங்கறேன்ல."

ஷாரிப்பா ரெஞ்சோடு அந்தப் பக்கம் போய், தலைத்துணியைப் பின்னால் தள்ளிவிட்டு, இடது சக்கரத்தின் உள்பக்கம் உடம்பைத் தோள்வரை நுழைத்துக்கொண்டாள். "எது? இதுவா?" புருலாய் அடியில் படுத்தபடியே விரலால் காட்டினாள். ஷாரிப்பா இரண்டு கைகளாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். 'டிக்.' அடுத்தது. 'டிக்.' கடைசிப் போல்ட்டும் உடனே ஒலித்தது. ஆனாலும் அவள் விடவில்லை. ரெஞ்சை எடுத்து மறுபடி மாட்டி, மறுபடி இழுத்து, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். இன்னும் ஒரு தடவை.

"அத்தே, வலி கூடுது" என்றாள் நசிரா.

ஷாரிப்பா எழுந்தாள். மருமகளைத் தானே பின்சீட்டில் ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து, போர்வையைச் சுற்றிவிட்டாள். வீட்டைப் பூட்டவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கையைக்கூடத் துடைக்காமல், நல்ல கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து, புருலாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மகன் போன பிறகு அவள் ஒரு தடவைகூட அந்தக் கணவாயைத் தாண்டியதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"என் மூஞ்சியை என்ன பாக்குற? எடு வண்டியை" என்றாள்.

வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. முதல் பனித் துகள்கள் கண்ணாடியில் பட்டுக் கரைந்தன. நசிரா ஒவ்வொரு வலிக்கும் சீட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பல்லுக்கு நடுவில் மூச்சுவிட்டாள். புருலாய் திட்டுக்கு இரண்டு பக்கமும் சக்கரத்தை வைத்து நிதானமாக ஏற்றினாள். மூவரும் அடியில் இருந்து வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் அந்த வளைவு தெரிந்தபோது, எதிரே நிலக்கரி ஏற்றப் போகும் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. ஒதுங்க இடம் பள்ளத்துப் பக்கம்தான். புருலாய் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு வண்டியை விளிம்புக்கு ஒடித்தாள். வலது பக்கம் சரிந்து இறங்கியது; கண்ணாடிக்கு வெளியே தரை இல்லாமல் வெறும் பனி மட்டும் இருந்தது. லாரியின் நீண்ட உடம்பு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது.

அவள் ஒரு கணம் பக்கத்தில் பார்த்தாள். ஷாரிப்பா கைப்பிடியைப் பிடிக்கவில்லை. சாய்ந்த வண்டியில் சாயாமல், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்ல கோட்டில் பட்டுவிடாமல் இருப்பதற்காக, கிரீஸ் அப்பிய இரண்டு உள்ளங்கைகளையும் மடிக்கு மேலே அந்தரத்தில், வானத்தைப் பார்க்க, துவா கேட்பவள்போல விரித்து வைத்திருந்தாள்.