பெரிய சக்கரம், சின்னச் சக்கரம்

கனகராஜ் காரிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிவந்து, கடையில் நின்ற பெரிய சக்கரக் குழந்தைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, இடுப்பு வாரையும் மாட்டிவிட்டான். மூன்று மாதப் பாப்பா அவன் மனைவி துளசியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் வண்டியைச் சோதிக்க அவனுக்குத் தோன்றிய வழி அது. எடையும் ஏறக்குறைய சரிதான். அரிசிக்கும் ஊர் சுற்ற ஆசையா என்று கடைக்காரச் சீன அம்மாள் மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சிரிக்கட்டும்லா. ஓட்டிப் பாக்காம எப்படி வாங்குறது?" என்றான் கனகராஜ்.

பெரிய சக்கர வண்டியை வாசலுக்கு வெளியே, தார் பெயர்ந்த இடம்வரை தள்ளிக்கொண்டு போனான். பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். அரிசி அசையவில்லை.

"பாத்தியா? அக்கா வீட்டு ரோடு இத விட மோசம். லோரி போயிப் போயி செம்மண்ணு பூரா பள்ளம். இதான் அதுக்கு லாயக்கு."

அவனுடைய அக்கா செல்லாயி தெலுக் இந்தான் பக்கம், ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் தனியாக இருந்தாள். திங்கட்கிழமை துளசியின் பிரசவ விடுப்பு முடிகிறது. கையுறைத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். அதனால் பாப்பா அக்காவிடம். வெள்ளிக்கிழமை போய்க் கூட்டிவருவது, ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவது. வேலைக்குப் போகிற பல வீடுகளில் அப்படித்தான் பிள்ளைகள் வளர்ந்தன. துளசியே தாப்பா ஊரில் சின்னம்மா வீட்டில் அப்படி வளர்ந்தவள். சனிக்கிழமை ஒன்றில் வாசலில் வந்து நின்ற அம்மாவை யாரோ விருந்தாளி என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. அம்மா கூப்பிடவில்லை. பிஸ்கட் டின்னைத் தரையில் வைத்துவிட்டு, அவள் வெளியே வரும்வரை அங்கேயே குந்தியிருந்தாள்.

"நம்ம வீட்டுக்கு?" என்று கேட்டாள் துளசி. ஈப்போவில் அவர்கள் இருப்பது நாலாவது மாடி, லிப்ட் கிடையாது.

"சனி ஞாயிறுதானே. தூக்கிக்கிட்டே சமாளிச்சிரலாம்."

அவன் யோசித்துச் சொன்னதில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாட்களும் அவளுக்குள் எங்கோ போய் இடித்தன. பாப்பாவின் மூச்சு கழுத்தில் ஈரமாகப் பட்டது. துளசி மூலையில் நின்ற மெலிந்த, சின்னச் சக்கர வண்டியிடம் போய், அதை ஒற்றைக் கையால் மடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"அது தோட்டத்துல ஒரு வாரம் தாங்காது புள்ள. சக்கரத்தப் பாரு, மாத்திரை சைஸ்ல இருக்கு."

"தோட்டத்துக்கு இல்லங்க. நம்ம படிக்கு. தினமும் ஏத்தி எறக்கணும்ல."

"தினமுமா?"

"கீழ்வீட்டு பிரமிளாக்கா பாப்பாவ பாத்துக்கிறேன்னு சொன்னாங்க. நான்தான் இன்னும் பதில் சொல்லல."

கனகராஜ் பெரிய வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றான். "அக்கா ஸ்பிரிங் தொட்டில் கூட மாட்டிட்டாங்க துளசி. நேத்து படம் அனுப்புனாங்க."

"பாத்தேன்." எத்தனை தடவை பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை. தொட்டிலுக்குப் புதுச் சேலை, மஞ்சள் பூப்போட்டது. காலித் தொட்டிலைப் பிடித்திருந்த அக்காவின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. "உங்க அக்காகிட்ட நானே பேசுறேன். திட்டுனா வாங்கிக்கிறேன்."

"அக்கா திட்டாதுலா. அதான் கஷ்டம்," என்றான் அவன். பிறகு குனிந்து, அரிசியின் வாரைக் கழற்றினான்.

சின்ன வண்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் துளசி பாப்பாவை அதில் கிடத்தினாள். பாப்பா கண் விழித்தாள். அந்த வண்டியில் இருக்கை திரும்பாது, தள்ளுகிறவர் முகம் பிள்ளைக்குத் தெரியாது. பாப்பாவின் உதடு மெல்லப் பிதுங்கியது. துளசி கைப்பிடியை அவனிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றாள்.

"மெதுவா தள்ளுங்க."

அவன் தள்ளினான். அவள் பாப்பாவைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். அவனுடைய சட்டைப் பையில் போன் அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும், என்ன நிறம் வாங்கினீர்கள் என்று கேட்க. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடுங்க," என்று கையை நீட்டினாள் துளசி, நடையை நிறுத்தாமல். பாப்பாவின் கண்கள் அந்தக் கையோடு போய், மறுபடி அவள் முகத்துக்கு வந்தன.