சாக்லேட் கட்டி

டாக்டர் கோங்கின் அறைக்குக் கதவு உண்டு. சாத்துகிற வழக்கம்தான் கிடையாது. வரிசை எண் என்று ஒன்று கொடுப்பார்கள், அதையும் யாரும் மதிப்பதில்லை. அடுத்து வரவேண்டியவர்கள், அதற்கும் அடுத்தவர்கள், சும்மா துணைக்கு வந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரின் வியாதியைத் தங்கள் வீட்டு விவகாரம்போலக் கேட்பார்கள். ஷாவ்ஷிங் ஊரில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இன்று யாவென் நினைத்தாள். நாடி பார்க்கக் கையைச் சின்னத் தலையணைமேல் நீட்டிவிட்டு, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தாள். பின்னால் கணவன் பெய்லின் நின்றான்.

பேசியதெல்லாம் மாமியார்தான். மாதாமாதம் மருமகள் வலியில் சுருண்டுவிடுகிறாள், இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, ஸ்கேனில் சினைப்பையில் சாக்லேட் கட்டி என்று வந்திருக்கிறது, எல்லாம் குளிர்ச்சியாகக் கண்டதையும் தின்ற வினை. அந்தப் பெயரைக் கேட்ட அன்றே வீட்டிலிருந்த சாக்லேட்டையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மகராசி அவள். காரணத்தையும் சேர்த்தே கொடுத்தாள். அதன்பிறகு குடியிருப்பு முழுக்க யாவென்னுக்குக் 'கருப்பை குளிர்ந்தவள்' என்று பெயர். இஞ்சியும் வெல்லமும் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்துக் குடித்து நாக்கே மரத்துப்போனது. வலி மட்டும் போகவில்லை.

"தர்பூசணி, ஐஸ்கிரீம், சாக்லேட். சொன்னா கேட்டாத்தானே டாக்டர்."

கூட்டம் சிரித்தது. டாக்டர் யாவென்னை நாக்கை நீட்டச் சொல்லி, ஓரத்து ஊதாப் புள்ளிகளைப் பார்த்தார்.

"தின்ன சாக்லேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. வழி தவறிப் போன ரத்தம். வெளிய வரமுடியாம தேங்கிக் கறுத்துப்போச்சு. ஓடுற எடத்துல வலிக்காது. வலிச்சா, ஓடலைன்னு அர்த்தம்."

ரத்தம் குளிரிலும் கட்டும், மனசுக்குள் எதையாவது அடக்கி அடக்கிக் கல்லீரல் இறுகினாலும் கட்டும். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்கு ஆகாது என்றார். பிறகு, பசிக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்: "புருஷனோட இருக்கறப்ப வலிக்குதா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் மாமியார்.

"நான் ஒங்க நாடியப் பாக்கலையே."

இல்லை என்று சொன்னால் மானம் தப்பும். மறுபடியும் அதே இஞ்சித் தண்ணீர்தான், அதே வலிதான். யாவென்னுக்குக் காது மடல் கொதித்தது. "ஆமா" என்றாள். யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "வலிக்குதாம்" என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். போதாதா, மானம் கப்பலேறியது.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். கல்யாணத்திலிருந்து என்றாள்.

"இத வீட்டுக்காரர்கிட்ட சொல்லக்கூடாதா? சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்."

பேசாமல் தலையைக் குனிந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும் என்று எல்லாரும் உச்சுக்கொட்டியிருப்பார்கள். குனியத்தான் போனாள்.

"சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. மாமியார் மகனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மேசை விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். யாவென்னுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனுக்காகவும் சேர்த்துக் கூசியதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க, வெளிய போகணும்" என்றது பின்னால் பெய்லினின் குரல்.

ஒருவரும் நகரவில்லை.