ஒரு சுற்று கூடுதல்

உமாசுதனுக்குத் தன் மேல் நம்பிக்கை குறைவு. வீட்டைப் பூட்டினால் படியிறங்கிப் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். பகலில் லிபெர்த்தா வீதியில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை. மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. அந்த வகுப்பை நம்பித்தான் கோயிலில் ஆரத்தித் தட்டுப் பிடிக்கிற விக்னராஜா அவனை ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால் இருந்த பழைய வாகன உதிரிப்பாகக் களத்துக்குக் கூட்டிப் போனார்.

விக்னராஜாவின் ஜீப்பில் பின் அச்சு உடைந்திருந்தது. மலைமேல், சின்யோரா என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பணக்கார அம்மாவின் தோட்ட வீட்டில் அவருக்கும் மனைவி ரதிக்கும் வேலை கிடைக்கும் போலிருந்தது. தங்க வீடும் உண்டு. ஒரே நிபந்தனை, அந்தச் செங்குத்தான மண் பாதையில் ஏறக்கூடிய வண்டி வேண்டும். சனிக்கிழமை சின்யோரா முன்னால் ஏறிக் காட்ட வேண்டும்.

"முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமா இருக்கவேணும் அண்ணை," என்றான் உமாசுதன். "இல்லாட்டி நாலு சில்லும் சேர்ந்து இழுக்கேக்கை ஒண்டை ஒண்டு பிடிச்சு இழுக்கும்."

"எங்கடை வீட்டிலை நடக்கிறதுதானே," என்றார் விக்னராஜா.

ஜீப்பின் முன் அச்சில் தகடு இருந்தது. பெரிய பற்சக்கரத்தில் நாற்பத்தொரு பல், சின்னதில் எட்டு. அதாவது சக்கரம் ஒரு முறை சுழல, நடுத்தண்டு ஐந்தே அரைக்கால் முறை, ஐந்தும் எட்டில் ஒரு பங்கும், சுழல வேண்டும். களத்தில் கிடந்த பின் அச்சில் தகட்டைக் காணவில்லை. களத்துக்காரன் சால்வோ, எல்லாம் ஒன்றுதான், படலையைத் தாண்டினால் திருப்பி எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புகைக்கப் போனான்.

உமாசுதன் வகுப்பில் படித்ததைச் செய்தான். ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையால் இறுக்கினான். மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு எத்தனை முறை சுழல்கிறதோ அதுவே விகிதம். தண்டில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, அந்த அரைக்கால் தப்பிவிடுமோ என்ற பயத்தில் அதில் மூக்கு முட்டும்படி குந்தினான்.

"அண்ணை, ரெண்டு சுத்து. ஆறுதலா."

ஐந்தே அரைக்கால் வந்தது. இவ்வளவு சரியாக வந்ததே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டான். மறுபடியும் ஐந்தே அரைக்கால். விக்னராஜாவின் கை நோகும்வரை பார்த்தும் மாறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உமாசுதன் ஒரு விஷயத்தை முழுதாக நம்பினான்.

அச்சை ஜீப்பில் பூட்டிய அன்று, பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் ரதி சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சங்காய் வைத்தாள். கற்பூரத் தட்டை வண்டிக்கு முன்னால் மூன்று முறை சுற்றினாள். பின் சக்கரங்கள் மட்டும் இழுத்தபோது ஜீப் பட்டுப்போல ஓடியது. சந்தின் மேட்டில் விக்னராஜா நாலு சக்கரத்துக்குமான லீவரைத் தள்ளினார். வண்டி உதறி, முனகி, நடுத்தெருவில் நின்றது. மீன்காரன் ஒருவன் கைதட்டினான்.

உமாசுதன் அணைந்துகொண்டிருந்த கற்பூரத்தையே பார்த்தான்.

"அண்ணை, அண்டைக்குச் சில்லை எத்தினை தரம் சுத்தினீங்கள்?"

"மூண்டு."

"நான் ரெண்டெல்லோ சொன்னனான்."

"சொன்னது கேட்டதுதான். நல்ல காரியத்துக்குச் சாமான் எடுக்கேக்கை ரெண்டோடை நிப்பாட்டுறதே? ஒண்டைக் கூடச் சுத்திவிட்டன்."

"ஒவ்வொரு தரமுமோ?"

"பின்னை? எனக்கென்ன கள்ளமே?"

"கோயில்லை தட்டுப் பிடிக்கிற மனிசனை நம்பிக் கணக்குப் பாத்திருக்கிறியே தம்பி," என்றாள் ரதி.

உமாசுதன் மனதுக்குள் கணக்கைத் திருத்தினான். மூன்று சுற்றுக்கு ஐந்தே அரைக்கால் என்றால் உண்மையான விகிதம் மூன்றரைக்கும் கொஞ்சம் குறைவு. அது பெரிய என்ஜின் வண்டியின் அச்சு. சால்வோ திருப்பி எடுக்கமாட்டான். ஆனால் அதே வண்டியின் முன் அச்சும் களத்தில்தான் கிடந்தது. பின்னதை மாற்ற முடியாவிட்டால் முன்னதை மாற்றலாம்.

அவர்களைக் கண்டதும் சால்வோ, முழு வண்டியையும் இப்படித் துண்டு துண்டாகவா கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டான். உமாசுதன் சோக்கோடு குந்தினான். விக்னராஜா சக்கரத்தைப் பிடித்தார்.

"எத்தினை தரம் தம்பி?"

"உங்கடை விருப்பப்படி மூண்டு தரமே சுத்துங்கோ. நான் மூண்டாலை பிரிச்சு ரெண்டாலை பெருக்கிறன்."

இரண்டு அச்சும் ஒரே விகிதமாகத்தான் இருந்தன.

சனிக்கிழமை ஜீப் ஏறியது. ஆனால் இந்த அச்சுகளுக்கு வேகம் உண்டு, இழுவை இல்லை. ஆகக் குறைந்த கியரில், முக்கி முக்கித்தான் போனது. பக்கத்தில் நடந்து வந்த சின்யோரா வண்டிக்கு முன்னதாகவே மேலே போய்ச் சேர்ந்து, படலையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். உமாசுதன் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டான்.

முன்பு வேலைக்கு இருந்தவன் பறந்து பறந்து ஓட்டித் தோட்டத்துக் கோழிகளைக் கொன்றான் என்றார் சின்யோரா. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பொறுப்பாக ஓட்டுகிற மனிதரைத் தான் பார்த்ததே இல்லையாம். வீட்டுத் திறப்பை ரதியின் கையில் கொடுத்தார்.

விக்னராஜா வண்டியை நிறுத்தவில்லை. முற்றத்துக் கிணற்றைச் சுற்றி ஓட்டத் தொடங்கினார். எத்தனை தரம் என்று தெரிந்திருந்தும், உமாசுதன் விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தான்.